கச்சான் காற்றும் வீட்டுச் சாமானும்

புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையில், தெற்கே சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல் வழியாக வடக்கே கற்பிட்டி முனை வரையில் வாழும் மீனவர்களுக்கு வருஷம் என்பது பன்னிரண்டு மாதங்களால் அன்றி இரண்டு காற்றுகளாலேயே வகுக்கப்பட்டிருக்கிறது. சித்திரை கழிந்து கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து எழும்பி வீசத் தொடங்கினால் இக்கரைக் கடல் கொந்தளித்து வலைக்கு உதவாமற் போய்விடும். அதே காலத்தில் முல்லைத்தீவுக் கடலும் கிழக்குக் கரையும் அமைதியாய்க் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பியதும் நிலைமை தலைகீழாகும். ஆகவே, உடப்பிலிருந்து கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் தம் ஆட்களோடு முல்லைத்தீவுப் பக்கம் போய் வாடி போட்டுத் தொழில் செய்வதும், நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து வேறு சிலர் எதிர்ப் பருவத்தில் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பத்தலங்குண்டுத் தீவுக்கு வந்து தங்குவதும் தலைமுறைகளாக வழங்கிவந்த சம்பிரதாயங்கள்.

வாடி என்பது கம்புகளை நட்டுக் கிடுகாலோ பனையோலையாலோ வேய்ந்து, தரைக்கு மணலையே விரிப்பாக விட்டுக் கட்டும் பருவகாலக் குடிசை. சில பருவங்களில் ஆண்கள் மட்டும் போவார்கள். சில குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளோடு புறப்படும். எப்படிப் போனாலும் வலையும் கயிறும் தொழிற் சாமான்களும் முதலிடத்தைப் பிடித்துக்கொள்ளும். அவை ஏறிய பின்னர் லொறியிலோ வள்ளத்திலோ எஞ்சுகின்ற இடந்தான் குடித்தனத்துக்கு. இரண்டு மூன்று சட்டி பானை, அகப்பை, திருவலை, தண்ணீர்க் குடம், பாய், போர்வை, மழைக்கு ஒரு படங்கு, மாற்றுடுப்பு, ஒரு சாமிப்படம் அல்லது அந்தோனியார் சுரூபம் என்ற அளவில் மூட்டை முடிந்துவிடும். பல மாதங்கள் இவற்றோடு ஒரு குடும்பம் உண்டு, உறங்கி, நோயுற்று, நோய் தீர்ந்து, சண்டையிட்டுச் சமாதானமாகி வாழ்கிறது. வறுமையை அலங்கரித்துக் காட்டுவது என் நோக்கமன்று. நல்ல குடிநீருக்கும் மலசலகூடத்துக்கும் அங்கே படும் அவதியை எந்த எளிமைத் தத்துவமும் நியாயப்படுத்தாது. ஆயினும் வீட்டைச் சுருக்குவது எப்படி என்று இன்று நகரங்களில் பணங்கொடுத்துக் கற்கும் வித்தையை, வருஷத்துக்கு இரண்டு தடவை செய்தே தீரவேண்டிய நிர்ப்பந்தத்தால் இம்மக்கள் கைப்பழக்கமாகவே பெற்றிருக்கிறார்கள் என்பதை மறைப்பதற்கில்லை.

ஜப்பானைச் சேர்ந்த மாரி கொண்டோ என்னும் மாது வீட்டை ஒழுங்குபடுத்துவது குறித்து எழுதிய நூல் 2014-ல் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகெங்கும் பரவியதைப் பலர் அறிவார்கள். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, அது தனக்கு ஆனந்தம் தருகிறதா என்று வினவி, தராதவற்றுக்கு நன்றி கூறி விடைகொடுக்க வேண்டும் என்பது அவருடைய முறையின் சாரம். அழகான முறைதான், ஆனால் அது தனியொருவர் தம் அறையில் அமர்ந்து செய்யத்தக்கது. தேங்காய் துருவும் திருவலை ஒருவருக்கும் ஆனந்தம் தருவதாகக் கேள்விப்பட்டதில்லை. வாடிக்கு மூட்டை கட்டும் குடும்பத்தில் எழும் கேள்வியோ வேறு: இதை யார் சுமப்பது, யார் கழுவுவது, யார் காப்பது? பொருள் தனக்குத் தரும் சுகத்தை அளப்பதைவிட அது இன்னொருவருக்கு வைக்கும் வேலையை அளப்பதே குடும்ப வாழ்க்கைக்குப் பொருத்தமான அளவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது.

கரையோரத்தில் அந்த வேலை பிரத்தியட்சமாகவே தெரியும். உப்புக் காற்று படுகின்ற இடத்தில் இரும்பு எத்தனை விரைவில் துருப்பிடிக்கும் என்பதையும், பூட்டிய அலுமாரிக்குள்ளும் மணல் எவ்வாறு புகுந்துவிடும் என்பதையும் இங்குள்ள பெண்களிடம் கேட்டறியலாம். முன்னாளில் சாமான் சேர்ந்து வேலை பெருகுவதற்கு ஒரு பரிகாரமும் வீட்டின் அமைப்பிலேயே இருந்தது. தென்னை மிகுந்த இம்மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகள் கிடுகு வேய்ந்தவையாக இருந்த காலத்தில், ஓரிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூரையைப் பிரித்து மறுபடியும் வேய வேண்டியிருந்தது. பழைய கிடுகிலிருந்து கொட்டும் தூசிக்கும் பூச்சிக்கும் அஞ்சி, பெட்டகம் முதல் ஓட்டைச் செம்பு வரை சகல சாமான்களையும் முற்றத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். வெயிலில் அம்பலமாகிக் கிடக்கும் அந்தக் குவியலில் எது திரும்ப உள்ளே போகத் தகுதியுடையது, எது அடுப்புக்கு, எது அயல்வீட்டுக்கு என்பது ஊரார் முன்னிலையிலேயே தீர்மானமாகிவிடும். ஓடும் தகரமும் கல்நார்த் தகடும் வந்து கூரை நிரந்தரமானதும், வீட்டைக் காலிசெய்து பார்க்கும் அந்தத் தணிக்கை அடியோடு நின்றுபோயிற்று. கூரை ஒழுகாமை பெரும் சௌகரியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பரண் நிறைய ஆரம்பித்ததும் அன்றுதான்.

குடும்பத்தில் பொருளைத் துறக்கும் அதிகாரம் யாருக்கு என்ற வினாவுக்குக் காந்தியடிகளின் சுயசரிதையில் வரும் ஒரு சம்பவம் சிந்திக்கத்தக்கது. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த அவர் சிலாபத்திலும் தங்கினார் என்பதால் இக்கரைக்கும் அவருக்கும் சற்றுச் சம்பந்தமுண்டு. நான் கூறுவதோ அதற்குக் கால் நூற்றாண்டு முந்தியது. 1901-ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை விட்டு அவர் தாயகம் புறப்பட்டபோது அங்குள்ள இந்தியர்கள் பொன்னும் வெள்ளியும் வைரமுமாகப் பரிசுகளை வழங்கினார்கள். அவற்றுள் ஐம்பது கினி பெறுமதியுள்ள பொற்சரம் ஒன்று மனைவி கஸ்தூரிபாவுக்கென்றே அளிக்கப்பட்டது. பொதுச் சேவைக்குக் கூலி பெறுவது தகாதென்று இரவெல்லாம் உறங்காமல் யோசித்த காந்தியடிகள், யாவற்றையும் சமூகத்துக்கே தர்ம நிதியாக எழுதிவைக்க முடிவுசெய்து, முதலில் பிள்ளைகளைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டு, பிறகுதான் மனைவியிடம் பேசினார். அம்மையார் கண்ணீரோடு வாதாடினார். வரப்போகும் மருமக்களுக்கு வேண்டாமா, எனக்குத் தந்ததைத் திருப்பித்தர நீர் யார் என்ற கருத்தில் அவர் கேட்டவை சாமானியமான கேள்விகளல்ல. கடைசியில் எப்படியோ அவரிடமிருந்து சம்மதத்தைப் பறித்துக்கொண்டதாகவே காந்தியடிகள் ஒப்புக்கொள்கிறார். துறவின் மகிமையைப் பற்றி எனக்குக் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் இந்த வழக்கில் என் மனம் அம்மையார் பக்கமே சாய்கிறது. தொழில் இல்லாத பருவத்தில் அரிசிக்கும் வலைக்கும் அடகு வைக்கப்படுவது மனைவியின் காப்பும் சங்கிலியுமே என்ற நிலையிலுள்ள கடற்கரைக் குடும்பங்களில், பெட்டகத்துக்குள் இருக்கும் அந்தப் பொன் வீண் சேகரமன்று.

இன்னொரு வகைச் சேகரமும் இப்பகுதியில் உண்டு. புத்தளம், கற்பிட்டிப் பக்கத்துப் பெண்கள் பலர் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் சென்று வருஷக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்கள் அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டிகளில் கம்பளங்களும் கோப்பைத் தொகுதிகளும் பொம்மைகளும் வந்து இறங்கி, கண்ணாடி அலுமாரியில் வரிசையாக அமர்ந்துவிடுகின்றன. அந்தக் கோப்பையில் ஒருவரும் தேநீர் குடிப்பதில்லை. ஒழுங்குமுறை நிபுணர் ஒருவர் வந்து பார்த்தால் உபயோகமற்றது என்று ஒரே சொல்லில் தீர்த்துவிடுவார். தாயின் ஸ்தானத்தில் வீட்டிலிருக்கும் பொருளைத் தாய் திரும்பி வருமுன் அகற்றச் சொல்லும் துணிவு எனக்கில்லை.

அதைவிடக் கடினமான விஷயம் 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்களுக்கு நேர்ந்தது. விடுதலைப் புலிகளின் கட்டளையால் அவர்கள் முழுச் சமூகமாக வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம்; நகையும் பணமும் வழியிலேயே பறிக்கப்பட்டன. ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேரில் பெரும்பகுதியினர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து தென்னந்தோப்புகளில் ஓலைக்குடிசை போட்டுப் பல்லாண்டுகள் அகதிகளாய்க் கழித்தார்கள். உடுத்த துணியோடு வந்தவர்களின் வீட்டில் இன்று ஒரு கயிற்றுத் துண்டும் வெற்றுப் போத்தலும் கூட எறியப்படாமல் இருந்தால், அதை மூடப் பற்று என்று சொல்பவர் பொருளை இழப்பதற்கும் துறப்பதற்கும் உள்ள பேதத்தை அறியாதவர். வாடிக்குப் போகிறவன் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறான். அவன் மூட்டை சிறிதாக இருப்பது திரும்பி வரும் நம்பிக்கையினால்.

எறிந்த பொருள் எங்கே போகிறது என்பதும் புத்தளத்தாருக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2017 ஏப்ரல் 14-ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளின்மேல் விழுந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதன்பின் தலைநகரின் கழிவைச் சேர்ப்பதற்குப் புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்து வனத்தை அண்டியுள்ள அருவக்காடு உறுதியாயிற்று. சீமெந்து ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பழைய குழிகள் உள்ள இடம் அது. புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் வீதியில் நின்று எதிர்த்தும் 2019-ல் குப்பை வரத்தொடங்கியது. கொழும்பில் ஒரு வீடு விசாலமாகும்போது, அந்த விசாலத்தின் மறுபாதி இங்கே வந்து புதைகிறது. ஆகையால் வீட்டிலிருந்து எதை வெளியேற்றலாம் என்று ஆராய்வதைக் காட்டிலும் வாசலில் எதை மறிக்கலாம் என்று ஆராய்வதே அதிகப் பலனுள்ள காரியம்.

மறிப்பதற்கு ஒரு வழி இக்கரையூர்களில் ஏற்கெனவே பழக்கத்திலுள்ளது. கலியாணத்துக்கும் நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கும் வேண்டிய கிடாரம், சகன் தட்டு, கதிரை, பந்தல் ஆகியவை பெரும்பாலும் தனி வீட்டுக்குரியவையாக இருந்ததில்லை. கோயிலோ, பள்ளிவாசலோ, மாதக் காசு சேர்த்து நடத்தும் மரண சகாயச் சங்கமோ அவற்றை வைத்திருந்து முறைப்படி இரவல் கொடுக்கும். இருநூறு பேருக்குச் சோறாக்கும் கிடாரம் வருஷத்தில் ஒருநாள் மட்டும் ஒரு வீட்டுக்குத் தேவை. மற்ற நாட்களில் அது ஊருக்குச் சொந்தம். இப்பொழுது பிளாஸ்டிக் கதிரை மலிந்து வசதியுள்ளவர்கள் ஆளுக்கு ஐம்பது வாங்கி அடுக்கிவைக்கத் தலைப்பட்டிருக்கிறார்கள். இரவல் கேட்பது மரியாதைக் குறைவு என்ற புது எண்ணமே இதற்குக் காரணமென்று நினைக்கிறேன். சங்கத்தில் பாத்திரம் எடுத்தவர் கரி போகத் தேய்த்து, மறுநாள் அஸ்தமனத்துக்குள் எண்ணி ஒப்படைக்க வேண்டும் என்பதே வழக்கம். நசுங்கியிருந்தால் தட்டி நிமிர்த்தும் கூலியும் அவரையே சேரும்.