கை காட்டிய முறுக்கு

திருப்பூர் காதர்பேட்டைக்கு டி-சர்ட் எடுக்க வரும் வியாபாரிகளைக் கவனித்திருக்கிறீர்களா? வாய் விலை பேசிக்கொண்டிருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துணியைத் தேய்த்துக் கனம் பார்த்துக்கொண்டிருக்கும்.

அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில், பின்னலாடைப் படிப்பின் இறுதியாண்டு மாணவர் ஒருவர் தன் கைடோடு உட்கார்ந்திருந்தார். புராஜெக்ட் பேச்சு. "தொவச்சா சுருங்கிருதுங் சார்" என்றார் மாணவர். வாய் அப்படிச் சொல்லும்போதே, இரண்டு கைகளும் ஈரத்துணியைப் பிழிவதுபோல எதிரெதிராகத் திரும்பின. நோட்டில் எழுதிக்கொண்டிருந்த ஆசிரியர் பேனாவை வைத்துவிட்டார்.

"அதை இன்னொருக்கா கையில காட்டு கண்ணு."

மாணவர் காட்டினார். காட்டும்போதே அவருக்கே விளங்கிவிட்டது. "சுருங்கலீங் சார், திரும்புது. சைடு தையல் முன்னால வந்துருது."

டி-சர்ட் துணியான சிங்கிள் ஜெர்சியில் இது பழைய தொல்லை. நூலில் அடங்காமல் நிற்கும் முறுக்கு, துவைத்ததும் விடுபடப் பார்க்கிறது. வளையங்கள் ஒருபக்கம் சாய்கின்றன. தையலும் கூடவே போகிறது. இருபுறமும் வளையம் சமன்படும் ரிப் துணியில் இந்தத் தொல்லை பெரிதாக இராது. ஆசிரியர் இதைச் சொல்லும்போது அவருடைய ஆள்காட்டி விரலும் மெல்லச் சாய்ந்தது. மாணவரின் விரலும் தானாகவே அதே பக்கம் சாய்ந்தது. பாடம் ஏறிவிட்டது என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

வாய் சொல்லாததைக் கை சொல்லிவிடுவதைத்தான் சிகாகோ பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் சூசன் கோல்டின்-மெடோ பல ஆண்டுகளாக ஆராய்கிறார். பிரெக்கின்ரிட்ஜ் சர்ச்சுடன் சேர்ந்து 1986-ல் அவர் வெளியிட்ட ஆய்வில், அகலப் பாத்திரத்துக்கு மாற்றிய தண்ணீரின் அளவு மாறிவிட்டதா என்று குழந்தைகளிடம் கேட்டார்கள். சில குழந்தைகள் வாயால் உயரத்தைச் சொல்லிக்கொண்டே கையால் அகலத்தைக் காட்டினார்கள். சொல்லிக்கொடுத்தபோது அதிகம் முன்னேறியவர்கள் அந்தக் குழந்தைகளே. பிறவியிலேயே பார்வையில்லாதவர்களும், பார்வையில்லாத ஒருவரிடம் பேசும்போதுகூடக் கையசைக்கிறார்கள் என்று 1998-ல் இன்னோர் ஆய்வு காட்டியது. ஆக, கை அசைவது கேட்பவருக்காக மட்டுமில்லை. பேசுபவர் யோசிக்கவும் கை வேண்டியிருக்கிறது.

இன்று பல ஆய்வு மாணவர்களுக்குக் கைடோடு பேச்சே போனில்தான். கேமராவைப் போட்டாலும் முகம் மட்டுமே தெரிகிறது. அங்கே அந்தப் பிழிந்த கைகளை யார் பார்த்திருப்பார்கள்? 'சுருக்கம்' என்ற தவறான சொல்லே ஆய்வேட்டில் ஏறியிருக்கும்.

வழிகாட்டும் ஆசிரியர்களே, மாணவர் சொல்லுக்குத் தடுமாறும்போது நீங்கள் சொல் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுத்து, அவர் கையைப் பாருங்கள்.