சென்சாரை மாற்றச் சொன்னால் சான்று கேளுங்கள்

டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் விளக்கு எரிகிறது. வண்டி ஓடத்தான் செய்கிறது. இழுவை மட்டும் கொஞ்சம் குறைந்தது போலிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிய இரண்டாவது நிமிடமே, "சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து மாற்றியும் ஆகிறது. சில நாளில் அதே விளக்கு மறுபடி எரிகிறது. டீசல் கார் வைத்திருக்கும் பலருக்கும் இது பழகிப்போன கதை. இதில் மோசடியைவிட அவசரமே அதிகம் என்பது என் எண்ணம். ஆனால் அந்த அவசரத்துக்கு விலை கொடுப்பவர் வண்டிக்காரர்.

இவ்வளவு சென்சார்கள் எங்கிருந்து வந்தன? 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடு (நாக்ஸ்) வெளியிடலாம் என்றிருந்தது 80 ஆகக் குறைந்தது. நுண்துகள் அளவு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆனது. இந்த அளவுக்குள் நிற்க, புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வும், கரித்தூளைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டியும் வேண்டும். பல வண்டிகளில் ஆட்ப்ளூ திரவத்தைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை முறிக்கும் அமைப்பும் இருக்கிறது. இவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருப்பவைதான் அழுத்தம், வெப்பம், காற்றோட்டம், நாக்ஸ் ஆகியவற்றை அளக்கும் சென்சார்கள்.

ஸ்கேனர் காட்டும் எண்ணைப் பலர் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பி 2453 என்று வந்தால், டி.பி.எஃப். அழுத்த சென்சார் தரும் அளவு வண்டியின் கம்ப்யூட்டர் எதிர்பார்க்கும் அளவோடு ஒத்துப்போகவில்லை என்றுதான் பொருள். சென்சார் செத்துவிட்டது என்று அது சொல்லவே இல்லை. அந்த சென்சாரிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் போகின்றன. ஒன்று வடிகட்டிக்கு முன்னால், மற்றது பின்னால். சூட்டில் ரப்பர் வெடித்தாலோ, கரி அடைத்தாலோ, ஒரு முனை கழன்றாலோ அளவு தப்பாகிவிடும். சில நூறு ரூபாய்க் குழாயோடு முடிய வேண்டிய வேலை இப்படித்தான் பெரிய பில்லாகிறது. பி 0401 வந்தாலும் இதே கதைதான். இ.ஜி.ஆர். வழியாகப் போதிய புகை போகவில்லை என்பது அதன் பொருள். பெரும்பாலும் கரி படிந்த வால்வைச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும்.

சென்சார் உண்மையிலேயே கெட்டதா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழிகள் உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் நேரடி அளவுகளைக் காட்டச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடாதபோது டி.பி.எஃப். அழுத்த வேறுபாடு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். புகைக்குழாயில் உள்ள வெப்ப சென்சார்கள் எல்லாம் ஏறக்குறைய அன்றைய வெளி வெப்பத்தையே காட்ட வேண்டும். மூன்று சென்சார் 29, 30 டிகிரி காட்டும்போது நான்காவது மட்டும் பல நூறு டிகிரி காட்டினால், கோளாறு அந்த சென்சாரிலோ அதன் வயரிலோதான். இரண்டில் எது என்று அறிய கனெக்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஓட்டிய வண்டி என்றால், உள்ளே பின்கள் பச்சை பூத்திருக்கும். வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் எலி கடித்த வயரும் சகஜம். புது சென்சார் போட்டாலும் இந்தக் கோளாறுகள் தீராது.

நாக்ஸ் சென்சார் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். முனையும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்தே விற்பதால் அதன் விலை அதிகம். அது கெட்டதாகத் தோன்றும் நேரத்தில், குற்றவாளி ஆட்ப்ளூவாக இருக்கலாம். ஆட்ப்ளூ என்பது கனிமம் நீக்கிய தண்ணீரில் 32.5 சதவீதம் தூய யூரியா. வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் தெளிப்பானில் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். பிறகு நாக்ஸ் குறையாது. சென்சார் அதை உள்ளபடி சொல்லும். நாம் சென்சாரை மாற்றுவோம். சீல் வைத்த கேனை பில்லோடு வாங்குங்கள்.

இன்னொன்று, சென்சார் சரியாக இருந்தும் விளக்கு எரிவது. டி.பி.எஃப். தன்னுள் சேர்ந்த கரியைச் சுமார் 600 டிகிரி சூட்டில் தானே எரித்துக்கொள்ளும். அதற்கு வண்டி ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் இது பாதியில் நின்றுவிடும். அப்போது அந்தச் சூட்டை உண்டாக்கக் கூடுதலாகத் தெளித்த டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கி, ஆயில் மட்டம் ஏறும். ஆயில் ஏறுகிறதே என்று மகிழ வேண்டாம். அது நீர்த்துவிட்டது, இன்ஜினுக்கு ஆபத்து. டி.பி.எஃப். விளக்கு மட்டும் எரிந்தால், கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் 15, 20 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலோ, வேகம் எடுக்காமல் வண்டி முடங்கினாலோ ஓட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம், நேராக ஒர்க்‌ஷாப்தான்.

இங்கேதான் பலர் ஒரு குறுக்குவழிக்குப் போகிறார்கள். வடிகட்டியின் உள்ளிருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு, இனி விளக்கே எரியாதபடி சாஃப்ட்வேரை மாற்றித் தருகிறோம் என்று சில கடைகள் சொல்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. சிக்னலில் உங்கள் வண்டிக்குப் பின்னால் பைக்கில் நிற்கும் குழந்தையின் மூச்சுக்குள் அந்தப் புகைதான் போகிறது. சட்டமும் கடுமையாகவே இருக்கிறது. அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மாசு அளவை மீறி ஓட்டினால் 190ஆம் பிரிவில் முதல் முறையே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், கூடவே 3 மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பு என்று இருக்கிறது.

புகைச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. டீசல் வண்டிக்கு அந்தச் சோதனையில் புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. நாக்ஸ் அமைப்பு முழுக்கச் செயலிழந்த கார்கூட அதில் தேறிவிடலாம்.

இனி உங்கள் உரிமைக்கு வருவோம். கோளாறு எண்ணை அழிப்பதற்கு முன், அந்த எண்ணையும் அது பதிவான நேரத்தில் இருந்த வேகம், வெப்பம் முதலிய அளவுகளையும் அச்சிட்டோ படமெடுத்தோ வாங்கிக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் அதுவும் போய்விடும். எந்தச் சோதனை செய்து சென்சார்தான் கெட்டது என்று முடிவுக்கு வந்தார்கள் என்பதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரியைக் கேட்டாலே பல இடங்களில் கூடுதலாகப் பத்து நிமிடம் சோதித்துப் பார்ப்பார்கள். வாரண்டி கிடையாது என்றால் அதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை.

ஒரே மாடலில் ஒரே பாகம் பலருக்கும் கெடுகிறது என்றால், அது தனி ஒருவரின் பழுது அல்ல. சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யும் குறை உள்ள வாகனங்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே அதே மாடல் வைத்திருப்போர் சேர்ந்து எழுத்தில் புகார் கொடுப்பது நல்லது.

பேசித் தீராவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. பழுதுபார்ப்பு பில் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஜாப் கார்டு, பில், ஸ்கேன் ரிப்போர்ட் மூன்றையும் இணையுங்கள். பொருளின் குறையைச் சோதித்துத்தான் அறிய முடியும் என்றால் ஆணையம் அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். எனவே காசு கொடுத்து மாற்றிய சென்சாரின் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, வழக்கு முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.