சரைக்குள் இருப்பது என்ன மருந்து?

அண்மையில் இடம்பெயர்ந்தோர் குடியிருப்பு ஒன்றுக்குச் சென்றிருந்தோம். அங்கே ஒரு தாயார் தறப்பாளுக்குக் கீழே செருகி வைத்திருந்த பையொன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே நாலைந்து கடதாசிச் சரைகள், எல்லாவற்றிலும் வெள்ளைக் குளிசைகள். சீனி வியாதிக்கு எது, பிரஷருக்கு எது என்று கேட்டோம். "பெரிசு காலமை, சின்னன் இரவைக்கு" என்றார். சரைகளில் ஓரெழுத்தும் இல்லை. அவற்றுள் இரண்டு சரைகளில் இருந்த குளிசைகள் ஏறக்குறைய ஒரே அளவு!

அந்தத் தாயாரிற் பிழையில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்துவிட்டது என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். சந்தியிலுள்ள கடையில் வாங்கினார். 2022 இல் நாடு நெருக்கடிக்குள் விழுந்து அரச ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதும் எம்மிற் பலருக்கு இதே கதைதான்.

விதைநெல் வாங்கும்போது நாம் கையில் அள்ளிப் பார்ப்போம், கடித்தும் பார்ப்போம். குளிசையை அப்படிச் சோதிக்க முடியாது. நல்லதும் பழுதானதும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே குளிசையைப் பார்ப்பதைவிட, அதை விற்கும் கடையைப் பார்ப்பதே எமக்குள்ள வழி.

2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இன்றி மருந்துக்கடை நடத்த முடியாது. அங்கே பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவர் இருக்க வேண்டும். பத்திரம் சுவரிற் தொங்கும், ஆனால் மருந்தாளர் இருக்கமாட்டார். கடைப் பையன் துண்டை எழுத்துக்கூட்டி வாசிப்பான். இது பல இடங்களில் நாம் கண்ட காட்சி. "மருந்தாளர் நிற்கிறாரா தம்பி?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அடுத்தது சூடு. அநேக மருந்துப் பெட்டிகளில் 30 பாகைக்குக் கீழே வைக்கும்படி அச்சிட்டிருக்கும். தகரக் கூரைக் கடையில், மத்தியான வெயில் விழும் தட்டில் அடுக்கிய மருந்து என்னவாகும் என்பதை நாமே யோசிக்கலாம். இன்சுலின் இன்னும் கவனமானது. திறக்காத குப்பி 2 முதல் 8 பாகைவரை குளிரில் இருக்க வேண்டும், ஆனால் உறையக்கூடாது. மின்சாரம் நின்றால் குளிர்பெட்டிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வாங்கியதைச் சைக்கிள் கைபிடியில் வெயிலிற் கொழுவிக்கொண்டு வரவேண்டாம். குளிர்பெட்டி இல்லாத கொட்டிலில், பெரிய மண்சட்டிக்குள் ஈரமணல் இட்டு, அதற்குள் சிறிய சட்டியை வைத்து, இன்சுலினை நனையாதபடி பையிற் சுற்றி அதனுள் வைக்கலாம். மணல் காயவிடக்கூடாது. பாவிக்கத் தொடங்கிய குப்பியைப் பொதுவாகச் சுமார் நான்கு வாரம் பாவிக்கலாம். சரியான நாளை மருந்தாளரிடம் கேட்டுக் குப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

குளிசை அட்டையை வெட்டித் தரும்போது காலாவதித் திகதி அச்சிட்ட ஓரம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். திகதி உள்ள பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதைச் சரையிலும் எழுதுவியுங்கள். மருந்தின் பெயர், பலம், எத்தனை, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, இவையும் சரையில் இருக்க வேண்டும். பெயர் ஏன் முக்கியம்? பனடோல் என்பதும் பரசிற்றமோல் என்பதும் ஒரே மருந்துதான். இரண்டு பெயரில் இரண்டு சரை இருந்தால், காய்ச்சற்காரர் இரண்டையும் விழுங்கி ஈரலைக் கெடுத்துக்கொள்வார். வளர்ந்தவருக்கே 500 மில்லிகிராம் குளிசை 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேற் கூடாது.

பிள்ளைகளின் பாணி மருந்தைத் தேநீர்க் கரண்டியால் அளக்க வேண்டாம். வீட்டுக்கு வீடு கரண்டி வேறு. 5 மில்லிலீற்றர் அளவுக் கரண்டியைக் கேட்டு வாங்குங்கள். வெறுமையான பாணிப் போத்தலில் பயிருக்கு அடிக்கும் மருந்தை ஊற்றி வைக்கும் பழக்கமும் எம்மிடம் உண்டு. எமது பேச்சில் இரண்டுக்கும் "மருந்து" என்றே பெயர். எழுத்தறியாப் பிள்ளைக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

கடையில் குறை கண்டால், துண்டையும் மருந்துச் சரையையும் எறிந்துவிடாமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கொண்டு செல்லுங்கள். உணவு, மருந்துப் பரிசோதகரிடம் முறையிட அங்கே வழிகாட்டுவார்கள்.

அந்தத் தாயாரின் பையுடன் நாமும் சந்திக் கடைக்குப் போனோம். மருந்தாளர் அன்று நின்றார். குளிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, மூன்று சரைகளில் தமிழிற் பெயரெழுதிக் கொடுத்தார். நான்காவதை இன்னதென்று அவராலும் சொல்ல முடியவில்லை. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, துண்டைப் பார்த்துப் புதிதாக எண்ணிக் கொடுத்தார்.