மரத் தொழிலுக்கேற்ற சிறு இயந்திரங்கள்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியில், சித்தூர் வட்டத்தில் அமைந்தது பெருமாட்டிப் பஞ்சாயத்து. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இவ்வட்டாரம் தென்னைக்கும் கள்ளுக்கும் பெயர் பெற்றது. இதற்குத் தெற்கே நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் மலைகள் உயர்ந்து நிற்கின்றன. ஆனைமலைத் தொடரைச் சுற்றிக்கொண்டு மேலும் சென்றால் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த மறையூர், மூணாறு, ஏலமலை ஆகியவற்றை அடையலாம். சமவெளியில் தென்னை, மலையில் தேக்கும் சந்தனமும் யூகலிப்டசும், ஏலச் செடிகளுக்கு நிழல் தரும் பலாவும் சந்தன வேம்பும். மரம் ஏறவும், கிளை கழிக்கவும், அறுத்ததை இழுத்து வரவும் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்நாளில், தோளில் சுமந்து செல்லத்தக்க சிறு இயந்திரங்கள் இரு பகுதிகளிலும் புழக்கத்திற்கு வந்துள்ளன. இயந்திரம் சிறியதாயின் அதனால் விளையும் ஆபத்தும் சிறியதே என்று எண்ணுவதுதான் இத்துறையில் நேரும் பெருந்தவறு.

இம்மலைகளுக்கு இயந்திரம் புதியதன்று. பறம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்குக் கொண்டுவரக் கொச்சி சமஸ்தானம் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்திற்கு டிராம் பாதை ஒன்றை அமைத்தது. அது 1907-ஆம் ஆண்டு முதல் இயங்கிற்று. செங்குத்தான இறக்கங்களில், பாரத்துடன் கீழிறங்கும் வண்டியின் எடையே வெற்று வண்டியை மேலே இழுத்துச் செல்லும்படி கம்பி வடம் பூட்டியிருந்தனர். அப்பாதை மறைந்து பல்லாண்டுகளாயின. இன்று வேண்டியிருப்பது ஒரு காட்டையே காலி செய்யும் ஏற்பாடன்று. ஒரு தோட்டத்தில் பட்டுப்போன நான்கு மரங்களை அகற்றுவதற்கான வழியே. ஆயினும் பாரத்தைப் பற்றிய கணக்கு அன்றும் இன்றும் ஒன்றுதான்.

பாரமும் சரிவும்

30 சென்டிமீட்டர் குறுக்களவும் 3 மீட்டர் நீளமும் உடைய பச்சை மரத்துண்டு ஒன்று ஏறத்தாழ 200 கிலோ எடை இருக்கும். 20 பாகைச் சரிவில் அதை மேலே இழுப்பதாகக் கொள்வோம். எடையின் ஒரு பகுதியாகிய 68 கிலோவைச் சரிவு தன் பங்குக்குக் கேட்கும். தரையின் உராய்வு, எடையில் பாதியளவு என்று வைத்துக்கொண்டால், மேலும் 94 கிலோவைக் கேட்கும். ஆக, சீராக இழுப்பதற்கே 160 கிலோவுக்கு மேற்பட்ட விசை தேவை. துண்டின் முனை ஓர் அடிக்கட்டையில் முட்டிக்கொண்டால் தேவை பன்மடங்காகும். ஆதலின் கணக்கில் வரும் விசையைப் போல் மூன்று மடங்கேனும் தாங்கும் வின்ச்சையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்து இயக்கும் வின்ச் மெதுவானது. ஆனால் அதற்கு எண்ணெயும் வேண்டாம், சத்தமும் இல்லை. ஓராண்டில் பத்துத் துண்டுகளை இழுக்கும் சிறு விவசாயிக்கு அதுவே போதும். ஓர் உருளும் கப்பியைத் துண்டின் பக்கம் பூட்டினால் விசை இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். துண்டின் முன்முனையைச் சற்றே தூக்கிவிட்டால் முட்டுதலும் உராய்வும் வெகுவாகக் குறையும். இவ்விரு உபாயங்களும் பெரிய இயந்திரம் வாங்கும் செலவைப் பல சமயங்களில் மிச்சப்படுத்தும். இழுவிசையில் இருக்கும் எஃகு வடம் அறுந்தால் சாட்டைபோல் வீசும் என்பதை மட்டும் மறத்தலாகாது. வடம் செல்லும் நேர்க்கோட்டிலும், கப்பியில் வடம் மடங்கும் கோணத்தின் உட்புறத்திலும் ஒருவரும் நிற்கக் கூடாது.

சிறு டிராக்டர் உள்ளவர்கள் அதையே இழுவைக்குப் பயன்படுத்துவர். சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலான இடத்தில் கட்டினால், மரம் முட்டியதும் முன் சக்கரங்கள் எழும்பி, வண்டி ஓட்டுநர்மேல் பின்புறமாகக் கவிழும். கட்டும் இடம் அச்சுக்குக் கீழே இருத்தல் வேண்டும். தென்னந்தோப்பில் வேறொரு கவனமும் உண்டு. தென்னையின் உணவு கொள்ளும் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள் அடங்கியவை. ஈரமண்ணில் வண்டி அவ்வட்டத்தினுள் ஏறினால் மண் இறுகி வேர் மூச்சுத் திணறும்.

சங்கிலி ரம்பம்

1920-களில் தோன்றிய சங்கிலி ரம்பங்களை இருவர் சேர்ந்தே தூக்க முடிந்தது. இன்றைய வடிவுக்கு வழிகோலியவற்றுள் ஒன்று ஒரு புழுவாகும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த மரவெட்டியான ஜோசப் காக்ஸ், கட்டை துளைக்கும் வண்டின் புழு வலமும் இடமுமாகத் தாடைகளைச் செலுத்தி, மரத்தின் நார் ஓடும் திசையிலும் அதற்குக் குறுக்கேயும் தடையின்றிக் குடைந்து செல்வதைக் கண்டார். அத்தாடைகளைப் போலவே வலமும் இடமுமாக வளைந்த பற்களையுடைய சங்கிலியை அவர் 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். தென்னையைத் துளைத்து அழிக்கும் வண்டினங்களோடு ஓயாது போராடும் பெருமாட்டி விவசாயிக்கு, வண்டினத்திடமிருந்து கிடைத்த இவ்வொரு நன்மை வியப்பாகத் தோன்றலாம்.

தோட்டத் தேவைக்கு 4 அல்லது 5 கிலோ எடையும், 35 முதல் 45 சென்டிமீட்டர் நீளமுள்ள பட்டையும் கொண்ட ரம்பம் போதுமானது. மேலும் நீண்ட பட்டை கையைக் களைக்கச் செய்யும். களைத்த கை தவறும். சங்கிலி நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுவது. பட்டை நுனியின் மேற்பாதி ஏதேனும் ஒரு கிளையில் பட்டுவிட்டால் சங்கிலி அங்கே சிக்கி, ரம்பம் முழுவதும் மேல்நோக்கி எழும்பிப் பிடித்திருப்பவர் முகத்தை நோக்கித் திரும்பும். இது மனிதன் உணர்ந்து கையை விலக்குவதற்குள் முடிந்துவிடும். முன்கைப்பிடிக்கு எதிரே உள்ள தடுப்பைத் தட்டினால் சங்கிலியை நிறுத்தும் பிரேக் இதற்காகவே அமைந்தது. பிரேக் இல்லாத ரம்பம் எத்துணை மலிவாயினும் வாங்கத் தக்கதன்று. மரத்தின்மேல் அமர்ந்து ஒரு கையால் பிடித்து அறுக்கும் பழக்கம் ஏலத்தோட்டங்களில், மழைக்காலத்துக்கு முன் நிழல் மரங்களைக் கழிக்கும் வேளையில் ஏற்படக் கூடியது. நீண்ட கோலின் நுனியில் ரம்பம் பொருந்திய கருவியைக் கொண்டு தரையில் நின்றே கழிக்கக்கூடிய கிளைகளுக்கு மேலே ஏறவே வேண்டியதில்லை.

இரு வீச்சு எஞ்சினுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மில்லிலிட்டர் எண்ணெய் கலப்பது பொதுவான அளவு. அவ்வவ் இயந்திரத்தின் கையேட்டில் கூறப்படும் அளவையே பின்பற்ற வேண்டும். எண்ணெய் குறைந்தால் எஞ்சின் பழுதாகும். காதுக்கும் கவனம் தேவை. 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாம் எனில், 100 டெசிபலைத் தாங்கத்தக்க காலம் 15 நிமிடம் மட்டுமே. சங்கிலி ரம்பம் எழுப்புவது அதற்கும் மேற்பட்ட ஒலி. ரம்பத்தின் அதிர்வும் நாளடைவில் விரல்களின் இரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். மின்கலத்தால் ஓடும் ரம்பங்களில் ஒலியும் அதிர்வும் குறைவு. ஆயின், மின்னேற்றும் வசதி அண்மையில் இருத்தல் அவசியம்.

தென்னையை வீழ்த்துதல்

தென்னையின் கட்டை தேக்கைப் போன்றதன்று. அதன் ஓரம் இரும்புபோல் கடினமானது; நடுப்பகுதி மென்மையானது. தேக்கில் வைரம் உள்ளே. தென்னையில் வலிமை வெளியே. சங்கிலியின் கூர் விரைவில் மழுங்குவதற்கும் அதன் கடினமான நார்களே காரணம்.

விழும் பக்கத்தில் குறுக்களவில் நாலில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ ஆழத்திற்கு ஒரு வாய் வெட்டி, எதிர்ப்புறத்தில் அதைவிடச் சற்று உயரத்தில் பின்வெட்டைத் தொடங்க வேண்டும். இரண்டுக்கும் இடையே குறுக்களவில் பத்தில் ஒரு பங்கை அறுக்காது விட வேண்டும். 30 சென்டிமீட்டர் மரத்திற்கு இது 3 சென்டிமீட்டர். கதவுக்குக் கீல் போல, விழும் மரத்தை நெறிப்படுத்துவது இதுவே. தென்னையின் நடுப்பகுதி மென்மையாதலால் இக்கீலின் இரு ஓரங்களே பாரத்தைத் தாங்குகின்றன. ஓர் ஓரத்தைக் கவனியாது அறுத்துவிட்டால் மரம் திரும்பி விழும்.

தோப்பில் மரங்கள் ஏழரை மீட்டர் இடைவெளியில் நிற்பவை. மரத்தின் உயரமோ 20 மீட்டர் வரை இருக்கும். எத்திசையில் வீழ்த்தினாலும் அண்டை மரத்தைத் தாக்கும். ஆதலின் உச்சியிலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்குவதே இங்கு ஏற்றது. இதற்கு மேலேறியாக வேண்டும். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் உருவான, இரு சட்டங்களை மாறி மாறி உயர்த்தி ஏறும் கருவி இன்று பல இடங்களிலும் பரவியுள்ளது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய ‘தென்னை மரங்களின் தோழர்கள்’ பயிற்சித் திட்டத்தில் இத்தகைய கருவிகளே கற்பிக்கப்பட்டன. மரம் மேலே செல்லச் செல்லச் சிறுப்பதால், கம்பி வளையத்தை அவ்வப்போது இறுக்குதல் வேண்டும். மழையில் நனைந்த மரத்தில் ஏறலாகாது. இடுப்புப் பட்டை இன்றி எவரும் ஏறலாகாது. இக்கருவி காய் பறிப்பதற்காக அமைந்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ரம்பத்தோடு மேலே செல்வோர் தனியே பயிற்சி பெற்றவராக இருத்தல் வேண்டும். கயிறும் பட்டையும் அறுபடாமல் காப்பது அவர்க்கு முதற்கடமை.

ஏனைய கருவிகள்

குழி தோண்டும் இயந்திரத்தைத் தென்னங்கன்று நடுவதற்கென்றே வாங்கி ஏமாறுவோர் உண்டு. கன்றுக்குத் தேவையான குழி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர். அந்த இயந்திரம் இடுவதோ ஓரடி அகலத்துக்கும் குறைவான துளை. வேலிக் காலுக்கும் காட்டு மரக் கன்றுகளுக்குமே அது பொருந்தும். புதர்வெட்டி கற்களை எறியும் தன்மையது. இயக்குபவரைச் சுற்றி 15 மீட்டருக்குள் வேறெவரும் வரலாகாது. வெட்டிய மட்டையையும் தண்டையும் பொடியாக்கும் இயந்திரம் தென்னந்தோப்புக்கு மிகவும் நல்லது. மட்கும் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அழுகும் தண்டில் சிவப்புக் கூன்வண்டு பெருகும். பொடியாக்கி உலர்த்தி மூடாக்காக இட்டால் இவ்விரண்டுக்கும் இடமிராது.

இவை அனைத்தையும் ஒரே விவசாயி சொந்தமாக வைத்திருப்பது வீண். 2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் வாடகை மையங்கள் ஏற்படுத்தப்பட்டன. ஆண்டுக்கு ஓரிரு நாட்களே தேவைப்படும் பொடியாக்கும் இயந்திரம் போன்றவற்றை வாடகைக்கு எடுப்பதே தக்கது. அன்றாடம் கைக்கு வரும் ரம்பத்தைச் சொந்தமாக வாங்குவோர், அதன் உதிரிப் பாகங்கள் பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ கிடைக்குமா என்பதை முதலில் விசாரித்தறிய வேண்டும். சங்கிலியைக் கூராக்கும் வட்ட அரத்தையும் அப்போதே வாங்கிக்கொள்ள வேண்டும். அறுக்கும்போது சீவல் வராமல் தூள் வந்தால் கூர் மழுங்கிற்று என்பது பொருள். அந்நிலையில் ரம்பத்தை மரத்தின்மேல் அழுத்துவதை விட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு அரத்தை எடுக்க வேண்டும்.