உயிருக்கு ஈடாகப் பொற்காசு

கொலையாளியைத் தண்டிப்பது அரசின் கடமை என்னும் எண்ணம் வேரூன்றாத காலத்தில், பண்டைய ஜெர்மானியக் குடிகளிடையே ஒருவன் கொல்லப்பட்டால், கொன்றவனையோ அவன் குடும்பத்தாரையோ கொன்று பழி தீர்ப்பது இறந்தவனுடைய உறவினரின் உரிமையாகவும் கடமையாகவும் இருந்தது. தலைமுறைகளைத் தாண்டியும் தொடரக்கூடிய இப்பகையை நிறுத்த அவர்கள் கைக்கொண்ட வழியே 'வெர்கெல்ட்' எனப்படும் இழப்பீடு. இறந்தவனின் நிலைக்கேற்ப வகுக்கப்பட்ட தொகையை அவன் குடும்பம் ஏற்றுக்கொண்டால் பகை தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. கொலைக்கு ஈடாக ஆடுமாடுகள் தரும் வழக்கத்தை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 அளவிலேயே குறித்திருக்கிறார்.

பிராங்குகளின் அரசன் குளோவிஸ் காலத்தில், 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் சாலிக் சட்டம், சுதந்திரமான பிராங்கு ஒருவனின் உயிருக்கு 200 சாலிடஸ், அதாவது ரோமானியப் பொற்காசு, என விதித்தது. அரசனின் மெய்க்காவலனுக்கும் மகப்பேற்று வயதிலுள்ள பெண்ணுக்கும் 600 காசுகள். நிலமுடைய ரோமானியனுக்கு 100 மட்டுமே. ஒரே மண்ணில் வாழ்ந்த இருவருள் வென்றவனின் உயிர் தோற்றவனின் உயிரைப்போல் இருமடங்கு பெறும் என்று எழுத்திலேயே பதிந்திருப்பது, அச்சட்டத்தின் மிகக் கொடிய அநீதி.

ஆயினும், சினம் ஆறுவதற்கு வழி தேடுவதில் இச்சட்டங்கள் காட்டிய கவனம் பாராட்டத்தக்கது. இங்கிலாந்தின் கென்ட் நாட்டில் கி.பி. 600 அளவில் எதெல்பெர்ட் மன்னன் இயற்றிய சட்டப்படி, கொலையாளி புதைகுழி மூடப்படுமுன்னரே 20 ஷில்லிங்கும் 40 இரவுகளுக்குள் முழுத்தொகையும் செலுத்த வேண்டும். இத்தாலியை ஆண்ட லொம்பார்டிய மன்னன் ரோதாரி, பகை ஒழிய வேண்டும் என்பதற்காகவே முன்னோர் வகுத்ததைவிட இழப்பீட்டை உயர்த்துவதாக 643-இல் தன் சட்டத்தில் எழுதிவைத்தான்.

பொருளற்றவன் நிலையோ இரங்கத்தக்கது. சாலிக் சட்டப்படி, சொத்து முழுவதையும் கொடுத்தும் தொகை நிறையாதவன், வீட்டின் நான்கு மூலைகளிலிருந்தும் மண்ணை அள்ளி, வாசற்படியில் உள்நோக்கி நின்று, இடக்கையால் தோளுக்கு மேலாக நெருங்கிய உறவினர்மீது எறிந்துவிட்டு, வெறுங்காலுடன் கையில் கோலூன்றி வேலியைத் தாண்ட வேண்டும். அத்துடன் எஞ்சிய கடன் அவ்வுறவினரைச் சேரும். அவர்களாலும் இயலாதபோது கொலையாளி நான்கு முறை மன்றத்தில் நிறுத்தப்பட்டு, மீட்பார் இல்லையெனில் உயிரையே இழந்தான். இங்கிலாந்தில் 10-ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் மன்னன் பிறப்பித்த சட்டம், உறவினர் கொலையாளியைக் கைவிட்டு, பகையின் சுமையை அவன் ஒருவன்மீதே விட்டுவிட இடமளித்தது.