பாட்டிக்கு ஏற்ற சஸ்பென்ஷன் எது?

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் சித்தப்பா கோல்ஃப் கார் வாங்கப் போகிறார். "ஸ்போர்ட் சஸ்பென்ஷனா, அடாப்டிவ் சஸ்பென்ஷனா, எதுடா எடுக்கலாம்?" என்று போனில் கேட்டார். பெயரைக் கேட்டதுமே "ஸ்போர்ட்" என்றேன். அப்புறம்தான் அறிவியல் சாரிடம் விசாரித்தேன்.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்துக்குப் பத்து குதி குதிக்கும். அதை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் எண்ணெய் சிறு துளை வழியே போய் வரும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் பாதி மூடி அழுத்திப் பாருங்கள், கை கனக்கும். அதே கதைதான்.

ஸ்போர்ட்டில் ஸ்பிரிங் குட்டை, விறைப்பும் அதிகம். கார் சுமார் 15 மில்லிமீட்டர் தாழ்ந்து, வளைவில் அதிகம் சாயாமல் ஓடும். ஆனால் எந்த ரோட்டிலும் அதே விறைப்புதான். அடாப்டிவில் சென்சார்கள் ரோட்டின் குலுக்கலை அறிந்து சொல்லும். உடனே மின்சார வால்வு எண்ணெய் போகும் வழியைக் கூட்டும், குறைக்கும். விலை அதிகம், பழுதானால் செலவும் அதிகம்.

வரும் மே மாதம் பாட்டி அங்கே போகிறார். முதுகில் ஆபரேஷன் ஆனவர். டவுன் பஸ் கடைசி சீட்டில் அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே போன் போட்டு, "சித்தப்பா, அடாப்டிவே எடுங்க" என்றேன்.

தனியாக ஓட்டுகிறவருக்கு ஸ்போர்ட் போதும். குடும்பக் கார் என்றால், பின் சீட்டில் யார் உட்காருவார் என்று முதலில் பார்க்கணும்!