நிலநடுக்க, அலைத்தாக்க மாதிரியாக்கம்

நிலநடுக்க, அலைத்தாக்க மாதிரியாக்கம் என்பது, நிலம் அதிரும்போதும் கடலலை மோதும்போதும் ஒரு கட்டுமானம் எவ்வாறு அசையும், எங்கே விரிசலுறும், எந்நிலையில் இடியும் என்பவற்றைக் கணக்கீட்டாலும் சிறிய உருமாதிரிகளாலும் முன்கூட்டியே அறியும் முறையாகும். இது குடிசார் பொறியியலில் கட்டமைப்பு இயக்கவியல் என்னும் பிரிவைச் சார்ந்தது. இக்கட்டுரையில் செட்டிநாட்டு வீடுகளும் பாம்பன் பாலமும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

அடிப்படை

கூரையின் எடை சுவர்களை எப்போதும் ஒரே அளவில் அழுத்துகிறது. நிலநடுக்க விசை அத்தகையதன்று. நிலம் திடீரென நகரும்போது கட்டடத்தின் மேற்பகுதி, தன் நிலைமத்தால், இருந்த இடத்திலேயே நிற்க முனைகிறது. சுவர்கள் அதனை இழுத்துச் செல்ல வேண்டியுள்ளது. ஆகவே நிறை மிகுந்தால் விசையும் மிகும்.

மிக எளிய மாதிரியில், கட்டடம் ஒரு விற்சுருளின் நுனியில் பொருத்திய குண்டாகக் கருதப்படுகிறது. குண்டின் நிறையும் சுருளின் விறைப்பும் சேர்ந்து அதன் இயல்பு அலைவுக்காலத்தைத் தீர்மானிக்கின்றன. நிலத்தின் அதிர்வு இக்காலத்தை நெருங்கினால் ஒத்ததிர்வு ஏற்பட்டு அசைவு பெருகும். தக்க நேரத்தில் உந்தினால் சிறுவனும் பெரிய ஊஞ்சலை உயர ஆட்டிவிடுவது இதனாலேயே.

செட்டிநாட்டு வீடு

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என ஒரு தெருவிலிருந்து மறுதெரு வரை நீளும் இவ்வீடுகள், சுண்ணாம்புச் சாந்தால் இணைத்த தடித்த செங்கற் சுவர்களையும், மரச்சட்டங்களின் மேல் அடுக்கடுக்காய் வேய்ந்த ஓடுகளையும், பர்மாத் தேக்குத் தூண்களையும் கொண்டவை. இவற்றை ஒற்றைக் குண்டாகக் கருதுவது பொருந்தாது. காங்கிரீட் தளம் நான்கு சுவர்களையும் ஒரு பெட்டிபோலப் பிணைத்து வைக்கும். ஓட்டுக்கூரை அவ்வாறு பிணைப்பதில்லை. எனவே ஒவ்வொரு சுவரும் தனித்து வெளிப்புறமாகச் சாயக்கூடும் என்பதை மாதிரியில் சேர்க்க வேண்டும். நடுவில் திறந்த வளவு இருப்பதும் பிணைப்பை மேலும் குறைக்கிறது.

ஐ.எஸ். 1893 என்னும் இந்தியத் தரநிலையின் 2016 ஆம் ஆண்டுப் பதிப்பைக் கொண்டு ஒரு தோராயக் கணக்கு செய்யலாம். அதில் காரைக்குடி இடம்பெற்ற இரண்டாம் மண்டலத்தின் காரணி 0.10. இதன் பாதியைக் குறுகிய அலைவுக்காலக் கட்டடங்களுக்குரிய 2.5 ஆல் பெருக்கி, கட்டுமான வகைக்குரிய எண்ணால் வகுக்க வேண்டும். அவ்வெண், வலுவூட்டப்படாத செங்கற்கட்டுக்கு 1.5, நிலநடுக்கத்தைக் கருதிச் சிறப்பாகக் கம்பி கட்டிய காங்கிரீட் சட்டகத்துக்கு 5. ஆகவே முதலாவது தன் எடையில் 8.3 விழுக்காட்டையும், இரண்டாவது 2.5 விழுக்காட்டையும் கிடைவிசையாகத் தாங்குமாறு வடிவமைக்கப்படல் வேண்டும். 300 டன் எடையுள்ள பழைய வீட்டுக்கு இது 25 டன். ஊர் ஒன்று, நிலநடுக்கமும் ஒன்று. கம்பியில்லாத சுவர் வளைந்து கொடுக்காமல் உடைவதால் அதனிடம் கூடுதல் வலு எதிர்பார்க்கப்படுகிறது.

இரண்டாம் மண்டலம் அப்பதிப்பில் மிகக் குறைந்த இடருடையது. ஆனால் குறைந்த இடர் என்பது இடரின்மை ஆகாது. மராட்டியத்தின் கில்லாரிப் பகுதி, அன்றைய வரைபடத்தில் அனைத்திலும் தாழ்ந்த முதல் மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியலுக்கு முன் அங்கு ஏற்பட்ட 6.2 அளவு நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். மண்சாந்தில் அடுக்கிய கற்சுவர்களும் கனத்த மண்கூரைகளுமே பலரைக் கொன்றன. 2002 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் முதல் மண்டலமே நீக்கப்பட்டது. செட்டிநாட்டுச் சுண்ணாம்புச் சுவர் கில்லாரிச் சுவரினும் உறுதியானதே. எனினும் ஆளின்றிப் பூட்டிக் கிடந்து, மழைநீர் இறங்கிச் சாந்து உதிர்ந்த சுவருக்குப் புதுச்சுவரின் வலுவை மாதிரியில் இடுதல் தவறான விடையையே தரும்.

அலைத்தாக்கம்

காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து கடல்கோளுக்கு அஞ்சி வந்ததால்தான் நகரத்தார் உயர்ந்த மேடையில் வீடு கட்டினர் என்றொரு மரபுச் செய்தி உண்டு. அது எவ்வாறாயினும், இன்று இவ்வட்டாரத்தில் அலைக்கணக்கு தேவைப்படுவது கரையோரக் கட்டுமானங்களுக்கே. 1964 டிசம்பர் 22-23 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயல், 1914 இல் திறக்கப்பட்ட பாம்பன் தொடருந்துப் பாலத்தின் உத்திரங்கள் பலவற்றையும் அடித்துச் சென்றது.

மெலிந்த தூண்களுக்கு 1950 இல் வெளியான மோரிசன் சமன்பாடு பயன்படுகிறது. நீரின் வேகத்தின் இருமடியைப் பொறுத்த இழுவிசை, அதன் முடுக்கத்தைப் பொறுத்த நிலைம விசை ஆகிய இரண்டையும் அது கூட்டுகிறது. தூணின் அகலம் அலைநீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், தூணே அலையைத் திருப்பிவிடுவதால் வேறு முறை வேண்டும்.

கணக்கைச் சரிபார்க்க உருமாதிரிகள் உதவுகின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் துறையில் அலைத்தொட்டிகளும், தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் அதிர்வு மேடைகளும் உள்ளன. ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரியில், 10 நொடி அலையை 1.4 நொடி அலையாக எழுப்ப வேண்டும். அளந்த விசையை 1,25,000 ஆல் பெருக்கினால் உண்மை விசை கிடைக்கும். சிறிய அளவீட்டுப் பிழையும் அவ்வாறே பெருகும் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

கடற்காற்றில் காங்கிரீட்டினுள் உள்ள கம்பி அரிக்கப்பட்டு மெலிவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இவ்வரிமானம் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுத் துறைகளுள் ஒன்றாகும். பழைய பாலத்தை மாதிரியாக்கும்போது கட்டிய நாளின் கம்பி விட்டத்தையன்றி, அரிமானத்துக்குப் பின் எஞ்சியிருக்கும் விட்டத்தையே இடுதல் வேண்டும்.